முதலில் நிற்கட்டும், ஓடுவதை அப்புறம் பார்க்கலாம்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட டீசல் லாரிகளை ஏலத்தில் எடுத்து, வீட்டு வாசலில் வைத்துப் பழுது பார்க்கும் பைத்தியம் நம் ஆட்களையும் பிடித்திருக்கிறது என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கார் மைலேஜ், ஏசி வாடை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும். இந்த மாதம் முழுக்க ராணுவ லாரிதான்.

கேள்வி: எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறேன். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, டர்போ விசில் தெருமுனை வரை கேட்கிறது. ஆனால் ஹைவேயில் 55 மைலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பில் டீசலைக் கூட்டி வைத்தால் பறக்கும் என்கிறார்கள். எப்படிக் கூட்டுவது? (ரா.மு., ஹூஸ்டன்)

பறக்காது. அந்த இன்ஜினின் கவர்னர் 2600 ஆர்பிஎம்மில் டீசலைக் குறைத்துவிடும். டாப் கியரில் 2600 சுற்றும்போது வண்டியின் வேகமே ஏறக்குறைய 55 மைல்தான். நீங்கள் எவ்வளவு டீசலைக் கூட்டினாலும் சமதளத்தில் அந்த எல்லை மாறாது, மேட்டில் கொஞ்சம் நன்றாக இழுக்கும், கூடவே கரும்புகையும் சூடும் ஏறும். அப்படிக் கூட்டியே தீருவேன் என்றால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு வெப்பமானி மாட்டிக்கொள்ளுங்கள். 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலையாக நிற்க விடக்கூடாது என்பது டீசல்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மீட்டர் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடுவது பிஸ்டனுக்கு வைக்கும் வேட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கவர்னர் டீசலைத்தான் கட்டுப்படுத்தும், சக்கரத்தை அல்ல. இறக்கத்தில் சின்ன கியரைப் போட்டுவிட்டால் ஆறு டன் வண்டி இன்ஜினைப் பிடித்துச் சுழற்றும், 2600 தாண்டி 3000 போனாலும் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. கனெக்டிங் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, உங்கள் கடிதத்தில் பிரேக் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரியோ கம்பெனி 1950 வாக்கில் கொண்டுவந்த அடிப்படை வடிவம் இது. டயர் பத்து இருந்தாலும் பிரேக் டிரம் ஆறு. அந்த ஆறுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் லைன். டேங்கில் காற்று இருப்பதைப் பார்த்துவிட்டு இது ஏர் பிரேக் என்று பலர் நம்பிக்கொண்டு ஓட்டுகிறார்கள். இன்றைய ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைத் தானே இறுக்கிவிடும். இதில் காற்றுக்கு அந்த வேலை கிடையாது. பெடலை மிதித்தால் தள்ளப்படுவது ஆயில், ஏர் பேக் (Air-Pak, விபத்தில் விரியும் பை அல்ல) என்ற உருளை அந்த அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. ஏதாவது ஓர் ஆக்சிலில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரையைத் தொடும், ஆறு டிரம்மிலும் பிரேக் இருக்காது. ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒரு டிரம், நிறுத்திய வண்டியை நிறுத்தி வைக்கத்தான். ஓடுகிற வண்டியில் அதை இழுத்தால் வாடையும் புகையும்தான் மிச்சம்.

அதனால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றுங்கள். முப்பது நாற்பது வருடத்து ரப்பருக்கு நற்சான்றிதழ் தர முடியாது. சேஸிஸ் உள்பக்கமாக ஓடும் இரும்புக் குழாய்களில் கிளிப் பிடித்திருக்கும் இடத்தை எல்லாம் கழற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் தின்றிருக்கும். மாற்றுவதென்றால் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள், வளைக்கவும் எளிது, துருவும் பிடிக்காது. ஆறு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டர்களைத் திறந்து பாருங்கள். கையில் காசு இருந்தால் முன்னும் பின்னும் தனித்தனி லைன் கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிவிடுங்கள். இந்த லாரியில் செய்யத்தக்க மாடிஃபிகேஷன் எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எவன் கண்ணுக்கும் தெரியாது, போட்டோவில் லைக் விழாது.

இதெல்லாம் முடிந்தபின் வேகம் வேண்டுமென்றால் 9.00-20 டயருக்குப் பதில் 11.00-20 போடுங்கள். சுற்றளவு கூடுவதால் அதே 2600 ஆர்பிஎம்மில் சுமார் 6 சதவீதம் வேகம் கூடும். ஆனால் டயர் பெரிதானால் அதே பிரேக்குக்கு நிறுத்தும் வேலையும் அதே அளவு கூடும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தால் ஊதா நிறத்தில் ஏதோ இருக்கிறது. கடையில் டாட் 3 வாங்கி மேலே ஊற்றி நிரப்பலாமா? (அதே ஊரிலிருந்து இன்னொருவர்)

ஊற்றாதீர்கள். அது சிலிக்கான் பிரேக் ஆயில், டாட் 5. அமெரிக்க ராணுவம் 1980களில் தன் வண்டிகளை இதற்கு மாற்றியது. டாட் 3-ஓடு கலக்கவே கலக்காது. டாட் 5.1 என்று ஒன்று விற்கிறார்கள், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சிலிக்கான் இல்லை. சிலிக்கான் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது என்பது பெருமைதான், ஆனால் உள்ளே நுழைந்த தண்ணீர் எங்கேயாவது போய்த் தேங்கத்தானே வேண்டும்? வீல் சிலிண்டரின் அடிப்பகுதியில் தேங்கி அங்கே மட்டும் துருப்பிடித்துக் குழி விழும். திறந்து விரலால் தடவிப் பாருங்கள், மேல்பக்கம் வழவழவென்றும் கீழே சொரசொரவென்றும் இருந்தால் ஹோன் போட்டுத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், புதிது வாங்குங்கள். பிரேக் லைனில் சிக்கிய ஏரை எடுக்கும்போது ஏர் பேக்கில் இருக்கும் நிப்பிள்களில் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் சக்கரத்துக்குப் போங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் வாரக்கணக்கில் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஓஹையோ குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஈத்தர் ஸ்ப்ரே அடிக்கலாமா? (செ.வ., கொலம்பஸ்)

வேண்டாம். அந்த இன்ஜினின் இன்டேக்கில் நெருப்பு மூட்டிக் காற்றைச் சூடாக்கும் ஃபிளேம் ஹீட்டர் இருக்கிறது. நெருப்பும் ஈத்தரும் ஒரே குழாயில் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரைப் பழுது பாருங்கள், பேட்டரி கேபிள் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் பிளாக் ஹீட்டர் போட்டு இரவில் பிளக்கில் சொருகுங்கள். பாதிக் குளிர்ப் பிரச்சினை பேட்டரிப் பிரச்சினைதான்.

கேள்வி: டயரை நானே கழற்றி மாட்ட நினைக்கிறேன். யூட்யூபில் எளிதாகத்தான் தெரிகிறது. (நா.சு., டாலஸ்)

சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றுவது எளிது. டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதில்தான் ஆளைக் கொல்லும் விஷயம் இருக்கிறது.

முதலில் சக்கரம். டிரைவர் பக்க நட்டுகளுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். ஸ்டட் முனையைத் துணியால் துடைத்துப் பார்த்தால் ‘எல்’ எழுத்து குத்தியிருக்கும். இது தெரியாமல் நாலடிக் குழாயை ஸ்பேனரில் சொருகி ஏறி மிதித்து, நட்டை இன்னும் இறுக்கி, கடைசியில் ஸ்டட்டையே முறித்தவர்கள் ஏராளம். பின்சக்கரம் இரட்டை டயர். வெளியே ஒன்றரை அங்குல அறுகோண நட்டு, அதைக் கழற்றினால் உள்ளே சதுரத் தலையோடு இன்னொரு நட்டு, அது உள் டயரைப் பிடித்துக்கொண்டு வெளி டயருக்கு ஸ்டட்டாகவும் இருக்கிறது. திரும்ப மாட்டிச் சில மைல் ஓடிய பிறகு மறுபடி இறுக்கவேண்டும். வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு வந்தால் உள்ளே இருப்பது தளர்ந்தே இருக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு வெளி நட்டையும் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, வெளியை மறுபடி இறுக்கி, அடுத்ததற்குப் போகவேண்டும். அலுப்பான வேலைதான்.

இனி ரிம். பழைய ரிம்மில் டயரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு லாக் ரிங். காற்றடித்த டயர் அந்த ரிங்கை டன் கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும். ரிங் சரியாக உட்காரவில்லை என்றாலோ துருப்பிடித்து விளிம்பு தேய்ந்திருந்தாலோ அது தெறிக்கும், எதிரே இருப்பது தலையா சுவரா என்று பார்க்காது. நம்மூர்ப் பங்சர் கடையில் ரிம்முக்குக் குறுக்கே கடப்பாரையைச் செருகிவிட்டுக் காற்றடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த அளவு மரியாதையாவது அதற்குத் தரவேண்டும், ஆனால் அதுவும் போதாது. அமெரிக்காவில் தொழில் செய்யும் கடைகள் இப்படிப்பட்ட ரிம்மைக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்கவேண்டும் என்று பணியிடப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. வீட்டில் செய்பவரை விதி கேட்காது, ஆனால் ரிங் ஒன்றுதானே. வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வு கோர்) முழுதாகப் பிடுங்கிக் காற்றை வெளியேற்றியபின்தான் எதையும் தொடவேண்டும். என் கருத்து, இந்த ஒரு வேலையை மட்டும் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வீரம் காட்ட வண்டியில் வேறு இடம் நிறைய இருக்கிறது.

கேள்வி: இது ‘மல்ட்டிஃபியூல்’ இன்ஜினாமே, எந்த எண்ணெயையும் குடிக்கும் என்று பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி ஓட்டுகிறார்கள். நானும் செய்யலாமா? கூடவே ஒரு சந்தேகம், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகிறது. நல்லதுதானே? (பெயர் வேண்டாம், சான் அன்டோனியோ)

இரண்டாவதுதான் அவசரம். ஆயில் தானாகக் கூடினால் நல்லதே இல்லை, எங்கிருந்தோ டீசல் உள்ளே இறங்குகிறது. இந்த இன்ஜினில் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் மசகு இன்ஜின் ஆயில்தான், பம்பின் உள் சீல் போனால் டீசல் நேராகக் கிரான்க்கேஸுக்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் தண்ணீராக ஓடுகிறதா? வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் உருகும் என்பது ஒரு பக்கம். மிதமிஞ்சி நிரம்பினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்து, ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காமல் அலறும், அது இன்னொரு பக்கம். ஸ்டாப் கேபிள் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஏர் கிளீனர் வாயை மூடும் அளவில் ஒரு பிளைவுட் பலகையைக் கேபினில் போட்டு வையுங்கள். கையால் மூடப்போகாதீர்கள்.

இப்போது எந்த எண்ணெயும் குடிக்கும் கதை. ஜெர்மனியின் மான் கம்பெனி உருவாக்கிய முறையை ஒட்டியது இது. பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி, டீசலைக் காற்றில் தெளிக்காமல் அந்தக் குழியின் சுவரில் படரவிட்டு, ஆவியாக ஆவியாக எரிக்கிறது. 22-க்கு 1 கம்ப்ரெஷன், அதாவது காற்றை 22-ல் ஒரு பங்காக அமுக்குகிறது. அதனால் ஜெட் ஃபியூல், கெரசின் எல்லாம் ஒத்துக்கொள்ளும், அவசரத்துக்குப் பெட்ரோலும். போர்க்களத்தில் கிடைத்ததை ஊற்றிக்கொண்டு ஓடத்தான் அந்த ஏற்பாடு, தீபாவளிப் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய்க்காக அல்ல. இன்ஜின் எரித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். பம்பு ஒத்துக்கொள்ளாது. பழைய ஆயிலில் இருக்கும் தண்ணீர், கூலன்ட், இரும்புத்தூள் எல்லாம் முடியளவு இடைவெளியில் ஓடும் பம்பு ஹெட்டைத் தின்றுவிடும். மிச்சம் பிடித்த டீசல் காசு அதன் ரிப்பேருக்குக் காணாது.

கேள்வி: வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் ஸ்டீரியோவுக்கு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்தேன், நன்றாகப் பாடுகிறது. ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? (கு.ஆ., பீனிக்ஸ்)

ஆறு மாதம் கழித்துத் தெரியும். தொடரில் இணைத்த இரண்டு பேட்டரியிலும் ஒரே சார்ஜ் மின்சாரம்தான் ஓடும். ஒன்று மட்டும் தினமும் ஸ்டீரியோவுக்குக் கொடுத்துக் காலியாகிறது, ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, மொத்த வோல்ட் வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளும். ஒன்று பட்டினி கிடக்கும், இன்னொன்று கொதிக்கும், இரண்டும் போய்ச் சேரும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். தவிர, அந்த டர்போ விசிலோடு ஸ்டீரியோ எதற்கு?

கேள்வி: பின் ஆக்சில் ஒன்றை எடுத்துவிட்டு வண்டியை நாலு சக்கரமாக வெட்டிக் குட்டையாக்க ஆசை. (தி.பா., அட்லான்டா)

‘பாப்’ செய்வது என்பார்கள், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஆக்சிலைக் கழற்றிச் சேஸிஸை அறுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்த லாரியின் பின் பட்டைக் கட்டு (ஸ்பிரிங் பட்டைகள்) நடுவில் ஓர் அச்சில் ஊஞ்சலாடும், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஆக்சில் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆக்சில் போனால் அந்த அமைப்பே அர்த்தமிழக்கும். பட்டையின் இரண்டு முனையையும் சேஸிஸில் மாட்ட பிராக்கெட் செய்து, ஆக்சிலை நடுவில் கட்டவேண்டும். ஷாஃப்ட் நீளம் மாறும். சேஸிஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், சூடுபட்ட இடத்தில் விரிசல் விடும், போல்ட்டால் செய்ய முடிந்ததைப் போல்ட்டால் செய்யுங்கள். பாரம் இல்லாத பின்பக்கம் ஈர ரோட்டில் வழுக்கும், அதுவும் ராணுவக் கட்டை டயரோடு கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், ஒரு வருடம் உள்ளது உள்ளபடி ஓட்டிவிட்டு அப்புறம் ரம்பத்தைத் தேடுங்கள். இந்த வரிசையில் ஏ3 மாடலில் கேட்டர்பில்லர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், பின்னால் ஒற்றைப் பெரிய டயர் என்று ராணுவமே மாற்றிக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒருவேளை அதுதானோ என்னவோ.

கேள்வி: எங்களிடம் இருப்பது செவர்லே எம்1008 பிக்கப், 6.2 லிட்டர் டீசல். குளோ பிளக் வாங்கி மாளவில்லை. (ஜெ.கி., டென்வர்)

குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் அந்தப் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள். பிளக் 12 வோல்ட், வண்டி கொடுப்பது 24, நடுவில் ஃபயர்வாலில் இருக்கும் ரெசிஸ்டர் மிச்சத்தை விழுங்கவேண்டும். எட்டில் இரண்டு பிளக் எரிந்துவிட்டால் ரெசிஸ்டரில் ஓடும் மின்சாரம் குறையும், அது விழுங்கும் வோல்டேஜும் குறையும், மீதி ஆறுக்கும் அதிக வோல்ட் ஏறி அவையும் வரிசையாகப் போகும். வீங்கிப்போன பிளக் வெளியே வராமல் ஹெட்டுக்குள்ளேயே முறிவது தனிக் கொடுமை. ரெசிஸ்டரை விலக்கிவிட்டு, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் லைனிலிருந்து பிளக்குக்குக் கொடுங்கள், வீங்காத வகைப் பிளக்காகப் பார்த்து எட்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். வயரிங் படம் வேண்டுமா? டிஎம் 9-2320-289 என்று தேடுங்கள், ராணுவக் கையேடு, இலவசமாகவே கிடைக்கும். எம்35ஏ2-காரர்களுக்கு டிஎம் 9-2320-361. அச்சிட்டு வையுங்கள், கிரீஸ் கையோடு போனைத் தொட முடியாது.

கேள்வி: இதெல்லாம் அமெரிக்கக் கதை. கோவையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பழைய சக்திமான் வாங்கி இப்படிச் செய்ய முடியாதா? (ம.ரா., கோயம்புத்தூர்)

ஆசை நியாயமானது. மேலே சொன்ன அதே மான் கம்பெனியின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவான வண்டி சக்திமான், 1990களின் நடுவில் தயாரிப்பை நிறுத்தினார்கள். கழித்த வண்டி ஏலத்துக்கு வரும், எடுக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் வைத்துத் துருவைச் சுரண்டி இன்ஜினை உயிர்ப்பிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ரோட்டில் ஓட்டுவதுதான் சிக்கல். ராணுவ வண்டிக்கு அம்புக்குறி போட்ட தனி எண், ஆர்டிஓ ஆவணம் கிடையாது. அதைத் தனியார் பெயரில் பதிவு செய்யாமல் ரோட்டுக்கே வர முடியாது. பதிவு கிடைத்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே கையில் காகிதம் வரும் என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள். அமெரிக்காவிலும் எஸ்எஃப்-97 என்ற படிவம் இல்லாமல் எடுத்தவர்கள் டைட்டிலுக்கு (வண்டி உரிமைப் பத்திரம்) அலைகிறார்கள், சில மாநிலங்கள் பதியவே மறுக்கின்றன.

கேள்வி: என் கணவர் சனி, ஞாயிறு முழுக்க அந்த லாரிக்கு அடியில்தான் கிடக்கிறார், தனியாக. சொன்னால் ‘ஒண்ணும் ஆகாது’ என்கிறார். நான் எதைக் கவனிக்கவேண்டும்? (ஒரு வாசகி, ராலே)

நீங்கள் கேட்டதுதான் இந்த மாதத்தின் உருப்படியான கேள்வி அம்மா. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். காருக்கு விற்கும் ஸ்டாண்டை லாரிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள், கொடுத்திருந்தால் அன்றைக்கு வேலை ரத்து. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தரை சிமென்ட்டாக இருக்கவேண்டும், புல்தரையும் வெயிலில் இளகும் தாரும் ஆகாது. முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கவேண்டும். ஷாஃப்டைக் கழற்றுகிறேன் என்று சொன்னால் கட்டையை நீங்களே போய்ப் பாருங்கள், ஷாஃப்ட் கழன்றால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து கழன்ற மாதிரிதான், சரிவில் வண்டி கிளம்பிவிடும். வயர் வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்கவேண்டும், மோதிரம் கையில் இருக்கக்கூடாது, கல்யாண மோதிரமாக இருந்தாலும். போன் சட்டைப் பையில், டூல் பெட்டியில் அல்ல. லாக் ரிங், சேஸிஸ் தூக்குவது, கியர்பாக்ஸ் இறக்குவது மூன்றும் இன்னோர் ஆள் இல்லாமல் கிடையாது. அந்த இன்னோர் ஆள் நீங்களாக இருக்கவேண்டிய அவசியமில்லை, இந்த இதழிலேயே ஹூஸ்டனிலிருந்து பீனிக்ஸ் வரை எத்தனை பேர் இதே பைத்தியத்தோடு எழுதியிருக்கிறார்கள், ராலேயிலும் ஒருவர் இருப்பார்.